பரிமாறக் காத்திருக்கும் தாய்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் நாட்டைப் பற்றியோ, மொழியைப் பற்றியோ, சமயத்தைப் பற்றியோ பேசுதல் வழக்கம். அவை பெரிய பொருள்கள். அவற்றைப் பேசுதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் இம் மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். ஆதலால் யான் ஒரு சிறிய பொருளை எடுத்துக் கொள்கிறேன். சிறியது என்று அவையடக்கத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அது சிறியது. ஏறக்குறைய 20 அங்குல உயரமும், அதனினும் குறைந்த அகலமும் உள்ள ஒரு சித்திரம். நமது வீட்டுச் சுவரிலே தொங்கும் நாட்காட்டியைக் காட்டிலும் அதிகம் பெரிதன்று.

அதன் அச்சுப் பிரதியொன்றை முன் வரிசையில் இருப்போரிடம் கொடுத்திருக்கிறேன். அது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை செல்லட்டும். ஒவ்வொருவரும் அதனை ஒரு நிமிட நேரமாவது பார்த்த பின்னரே அடுத்தவர் கையிற் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். விரைந்து கொடுத்துவிடாதீர்கள். ஏன் இவ்வாறு கேட்கிறேன் என்பது பேச்சு முடியுமுன் விளங்கும்.

சித்திரத்தில் இருப்பது என்ன? ஓர் அறை. மாளிகையின் கூடமன்று, சாதாரணக் குடும்பம் ஒன்றின் வீட்டறை. வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை. மேசையருகே ஒரு தாய் நிற்கிறாள். தலையில் வெண்ணிறத் தொப்பி, இடையில் வேலைத்துணி. பிள்ளைகளுக்குச் சூப் பரிமாறுவதற்காக மேசைமீது சற்றே சாய்ந்திருக்கிறாள். மேசைக்கு அப்பால் மூத்த பெண்பிள்ளை அமர்ந்திருக்கிறாள். இப்பால், நமக்கு அண்மையில், தாழ்ந்த சிறு கதிரையொன்றிலே இளைய பிள்ளை. அப் பிள்ளையின் கைகள் இரண்டும் கூப்பியிருக்கின்றன. கதிரையின் முதுகில் ஒரு விளையாட்டு மேளம் தொங்குகிறது. சற்று முன்வரை அந்த வீடு முழுவதும் அம் மேளத்தின் ஒலி கேட்டிருக்க வேண்டும். இப்போது ஓசை அடங்கிவிட்டது. யன்னல் எதுவும் வரையப்படவில்லை. ஆயினும் மெல்லிய ஒளியொன்று மேசைத்துணியிலும் முகங்களிலும் படிந்திருக்கிறது.

இவ்வளவுதான் சித்திரம். இதில் ஒரு போர் இல்லை, ஓர் அரசன் இல்லை, அழுகை இல்லை, சிரிப்பும் வெளிப்பட இல்லை. உணவுக்கு முன் சொல்லவேண்டிய சிறு பிரார்த்தனையை இளைய பிள்ளை சொல்கிறது. மற்ற இருவரும் கேட்கின்றனர்.

பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் 'லெ பெனெதிசிதே'. உணவுக்கு முன் கிறிஸ்தவர்கள் இலத்தீன் மொழியிற் சொல்லும் பிரார்த்தனையின் முதற் சொல் அது. வரைந்தவர் ஜான் சிமியோன் ஷார்தேன் என்னும் ஓவியர். பாரிஸ் நகரிலே 1699ஆம் ஆண்டு பிறந்தவர். இச் சித்திரம் 1740ஆம் ஆண்டு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இன்று பாரிஸ் நகரத்து லூவர் கலைக்கூடத்தில் இருக்கிறது.

ஷார்தேனின் தந்தை ஒரு தச்சர். பணக்காரர் விளையாடும் பில்லியர்ட்ஸ் மேசைகளைச் செய்வதில் வல்லவர். மகனும் ஒரு கைவினையாளனின் பிள்ளையாகவே வளர்ந்தார். அக்காலத்திற் பிரான்சு தேசத்தின் ஓவியர்களுக்கு அரச கழகம் ஒன்று இருந்தது. 1648ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அக் கழகத்திலே ஓவியத்துக்கும் சாதி வகுத்து வைத்திருந்தார்கள். புராணக் கதைகளையும் வேதாகமக் கதைகளையும் சரித்திர நிகழ்ச்சிகளையும் வரைபவனுக்கு முதலிடம். மனிதரின் உருவப்படம் வரைபவன் அதற்குக் கீழே. மரம், காய், கனி, பானை, சட்டி வரைபவன் எல்லோருக்கும் அடியில். 1728ஆம் ஆண்டு ஷார்தேன் அக் கழகத்திற் சேர்க்கப்பட்டபோது, 'விலங்குகளையும் கனிகளையும் வரைவதில் திறமையுடையவர்' என்னும் வகையிலேயே சேர்க்கப்பட்டார். அதாவது, கடைசிப் படியில்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவருடைய நண்பரான ஓர் உருவப்பட ஓவியர், தமக்குக் கிடைத்த ஒரு வேலையைக் கூலி போதாது என்று மறுத்தாராம். "அவ்வளவு பணத்தை ஏன் விடுகிறாய்? ஏற்றுக்கொள்" என்றாராம் ஷார்தேன். "மனித முகம் வரைவது, நீ வரையும் இறைச்சித் துண்டத்தைப் போல இலகுவானதென்றால் ஏற்றுக்கொள்வேன்" என்று நண்பர் குத்திவிட்டாராம். அச் சொல் அவர் உள்ளத்திலே தைத்தது. ஏறக்குறைய 1733ஆம் ஆண்டு முதல் அவர் மனிதரை வரையத் தொடங்கினார். எத்தகைய மனிதரை? தேவர்களையும் வீரர்களையும் அன்று. துணி துவைக்கும் பெண்ணையும், நீர் மொள்ளும் பெண்ணையும், சீட்டுகளை அடுக்கி வீடு கட்டும் பையனையும், மேசைமீது பம்பரம் சுழல்வதையே பார்த்துக் கொண்டிருக்கும் சிறுவனையும் வரைந்தார். பானையையும் கனியையும் எவ்வளவு மதிப்போடு பார்த்தாரோ, அவ்வளவு மதிப்போடு இவர்களையும் பார்த்தார்.

1740ஆம் ஆண்டின் காட்சியை நினைத்துப் பாருங்கள். லூவர் அரண்மனையிலே, நெடிய சுவர்களில், கூரை வரைக்கும் படங்கள். அதே ஆண்டு அதே காட்சியில் பூஷே என்னும் புகழ்பெற்ற ஓவியர், கடல்மீது தேவதைகள் சூழ வீனஸ் தேவி வெற்றி உலா வருவதைப் பெருஞ் சித்திரமாகத் தீட்டி வைத்திருந்தார். அலைகள், புறாக்கள், பறக்கும் குழந்தைகள், காற்றில் மிதக்கும் பட்டு! அந்த ஆடம்பரத்தின் நடுவே, 20 அங்குலத்தில், ஒரு தாயும் இரு பிள்ளைகளும் ஒரு சூப்புப் பாத்திரமும். யார் நின்று பார்ப்பார் என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? நின்று பார்த்தார்கள். அவ் வாண்டு நவம்பர் மாதம் வெர்சேல்ஸ் அரண்மனையிலே ஷார்தேன் இச் சித்திரத்தையும், இதனோடு இணையாக வரைந்த மற்றொன்றையும் பதினைந்தாம் லூயி மன்னருக்கு அளித்தார். பிற்காலத்திற் புரட்சி வந்தது. அரசரின் சேகரங்கள் மக்கள் உடைமையாயின. அதனாலேயே இன்று அனுமதிச் சீட்டு வாங்கிய எவரும் அதன்முன் நிற்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 1740ஆம் ஆண்டு ஐரோப்பாவெங்கும் கொடிய குளிர் நிலவியது. விளைச்சல் குன்றியது. பிரான்சிலும் பாண் விலை ஏறியது. பாரிஸ் நகரத்து ஏழைகள் பாணுக்காகக் கூக்குரலிட்டனர். அப்படிப்பட்ட ஆண்டிலே மேசைமீது ஆவி பறக்கும் ஒரு சூப்புக் கோப்பை என்பது சிறிய காரியமன்று. உண்பதற்கு முன் நன்றி சொல்ல வேண்டும் என்று அத் தாய் பிள்ளைக்குக் கற்பிப்பதும் வெறும் வழக்கம் பற்றியதன்று.

இனி, சித்திரத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன்.

படத்தைக் கையில் வைத்திருப்பவர் பார்வைகளைக் கவனிக்க வேண்டும். தாயின் கண்கள் இளைய பிள்ளையின்மீது. மூத்த பெண்ணின் கவனமும் அப் பிள்ளையின்மீது. இளைய பிள்ளையின் முகமோ தாயை நோக்கி நிமிர்ந்திருக்கிறது. மூன்று பேரையும் அப் பார்வைகளே ஒன்றாகக் கட்டியிருக்கின்றன. தாயின் வேலை பாதியில் நிற்கிறது. பிள்ளை சொல்லி முடிக்க வேண்டும். அதன் பின்னரே பரிமாற வேண்டும். பிள்ளை எங்கோ ஒரு சொல்லிலே தடுக்கி நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் ஏன் தாயின் முகத்தை அவ்வாறு நிமிர்ந்து பார்க்க வேண்டும்?

1744ஆம் ஆண்டு இச் சித்திரத்தை லெப்பிசியே என்பவர் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சுப் பிரதிகள் எடுத்தார். அதனாலே பல வீடுகளுக்கு இப் படம் சென்றது. அவ் வச்சுப் பிரதியின் அடியில் நாலு வரிச் செய்யுள் ஒன்றும் பொறிக்கப்பட்டது. அதன் கருத்து இது: தம்பி பிரார்த்தனையைத் திக்கித் திக்கிச் சொல்கிறான், தமக்கை மறைவாக நகைக்கிறாள், தம்பியோ அதைப் பற்றிக் கவலைப்படாமல், பசியின் தூண்டுதலால் விரைவாகச் சொல்லி முடிக்கப் பார்க்கிறான்.

இச் செய்யுளினால் ஒரு நன்மை உண்டு. இளைய பிள்ளை கவுண் அணிந்திருப்பதால் பலர் அதனைப் பெண் என்றே எண்ணுவர். அக்காலத்தில் அங்கே சிறு ஆண்பிள்ளைகளுக்கும் ஆறேழு வயது வரை கவுண் அணிவித்தார்கள். கதிரையில் தொங்கும் மேளமும், செய்யுளில் வரும் 'தம்பி' என்ற சொல்லும் அவன் ஆண்பிள்ளை என்று காட்டுகின்றன. ஆனால் மற்ற வகையிலே அச் செய்யுள் சித்திரத்துக்கு நியாயம் செய்யவில்லை என்பேன். அது பிள்ளையைக் கேலி செய்கிறது. சித்திரமோ கேலி செய்யவில்லை. செய்யுள் பசியைப் பார்த்தது. தமக்கையின் நகைப்பைப் பார்த்தது. தாயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சித்திரத்தில் நிமிர்ந்து நிற்பவள் தாயே. அவள் சிரிக்கவில்லை, ஏசவில்லை, மறந்த சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. காத்திருக்கிறாள். அக் காத்திருத்தலையே ஓவியர் வரைந்தார் என்பது என் துணிபு.

இதனை யான் நூல்களிலிருந்து மட்டும் அறியவில்லை. என் சொந்த வீட்டிலே நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், என் மூத்த மகளுக்கு நாலு வயது இருக்கும். மாலையில் விளக்கேற்றியதும் ஒரு தேவாரம் சொல்லப் பழக்கியிருந்தோம். முதல் இரண்டு வரிகளும் தடையின்றி வரும். மூன்றாம் வரியின் தொடக்கத்தில் நின்றுவிடுவாள். அன்று யான் அவசரமாக ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. இது போன்ற ஒரு சங்கத்தின் கூட்டந்தான்! வாலிபர்களின் ஒழுக்க வளர்ச்சி பற்றிப் பேசுவதாக இருந்தேன். பிள்ளை நின்றாள், யான் அந்த வரியைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாளும் அதே இடத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். யான் மீண்டும் சொன்னேன். நாலைந்து நாட்களில் அது வழக்கமாகிவிட்டது. இரண்டு வரி பிள்ளைக்கு. மூன்றாம் வரி எனக்கு. அவள் நினைவில் தேடுவதையே விட்டுவிட்டாள்.

இதனைப் பார்த்துக் கொண்டிருந்த என் தாயார் ஒருநாள், "தம்பி, நீ சும்மா இரு. பிள்ளை தானாய்த் தேடி எடுக்கும்" என்றார். பிள்ளை நின்றாள், என்னைப் பார்த்தாள். யான் வாய் திறவாது இருந்தேன். பாட்டியைப் பார்த்தாள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி, பால் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்ததோ யான் அறியேன். எனக்கு மிக நீண்டதாகத் தோன்றியது. திடீரென்று பிள்ளையின் முகம் மலர்ந்தது. மூன்றாம் வரி வந்தது. அதன் பின்னே நாலாம் வரியும் தானாகவே ஓடி வந்தது. அன்று தொட்டு அத் தேவாரம் அவளுடையதாயிற்று. இன்று தன் பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லிக் கொடுக்கிறாள். பால் மட்டும் ஆறிப் போய்விட்டது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நூல்நிலையத்திலே, ஒரு பெரிய படப் புத்தகத்தில் இச் சித்திரத்தை முதன்முதலாகக் கண்டேன். வேறு தேசம், வேறு சமயம், வேறு உடை. ஆயினும் கண்டவுடன் என் தாயாரை நினைத்துக் கொண்டேன்.

இங்கே சில நண்பர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். 'ஓர் இந்து வாலிபர் சங்கத்தின் மேடையில் ஐரோப்பியக் கிறிஸ்தவ வீட்டின் சித்திரம் எதற்கு?' என்று. அவ் வையம் நியாயமானதே. யான் சொல்லும் விடை இது. அந்த அறையிலே சிலுவை எதுவும் முன்னிறுத்தப்படவில்லை. பீடம் இல்லை, குருவானவர் இல்லை. பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொல்லைத் தூரிகையால் வரைய முடியாது. ஆகவே பார்ப்பவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலே கேட்ட சொல்லை அங்கே கேட்டுக் கொள்கிறார்கள். சமயம் என்பது கோயிலிலும் மேடையிலும் தொடங்குவதன்று. ஒரு பிள்ளை ஒரு சொல்லை நினைவிலிருந்து தேடி எடுப்பதற்கு ஒரு பெரியவர் இடம் கொடுக்கும் வேளையிலே தொடங்குகிறது. அதனைக் காட்டும் சித்திரம் எந்த நாட்டினதாயினும் நமக்கும் உரியதே.

ஓவியருடைய வாழ்க்கையையும் சிறிது அறிந்தால் இச் சித்திரத்தின் அருமை இன்னும் விளங்கும். ஷார்தேன் 1731ஆம் ஆண்டு மார்கரித் செந்தார் என்னும் பெண்ணை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். நாலே ஆண்டுகளில், 1735ஆம் ஆண்டு, மனைவி இறந்தார். சிறிது காலத்தில் அப் பெண்குழந்தையும் இறந்தது. மகன் ஒருவன் மட்டும் எஞ்சினான். 1744ஆம் ஆண்டு வரை அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். 1740ஆம் ஆண்டு, தாயும் மகளும் மகனும் சேர்ந்திருக்கும் இந்த மேசையை வரைந்தவரின் சொந்த வீட்டிலே தாயும் இல்லை, மகளும் இல்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவனே இருந்தான். சித்திரத்தில் இருப்பவள் அவர் மனைவி என்று யான் சொல்ல வரவில்லை. சித்திரம் வேறு; வாழ்க்கை வேறு. ஆனால் தம்மிடம் இல்லாத ஒரு பொருளின் விலையை அவர் அறிந்திருந்தார் என்று மட்டும் சொல்லலாம்.

அந்த ஆண்டுகளில் அவர் திரும்பத் திரும்ப இதே விடயத்தை வரைந்தார். அரசருக்கு இதனோடு இணையாக அளித்த சித்திரத்திலே, மகளின் தையல் வேலையில் நேர்ந்த பிழையைத் தாய் காட்டிக் கொடுக்கிறாள். 1739ஆம் ஆண்டுச் சித்திரம் ஒன்றிலே, பள்ளிக்குப் புறப்படும் பையன் புத்தகங்களோடு தலை குனிந்து நிற்கிறான். வீட்டில் அவனைக் கவனிக்கும் பெண், அவன் தொப்பியைத் துடைத்தவாறே ஏதோ புத்தி சொல்கிறாள். அவன் விட்டுவந்த விளையாட்டுப் பொருள்கள் தரையிற் கிடக்கின்றன. எங்கும் ஒரே காட்சி: பெரியவர் ஒருவர் தம் வேலையை நிறுத்தி ஒரு பிள்ளையைக் கவனிக்கிறார்.

அவர் மிக மெதுவாக வரைபவர். ஒரு வண்ணத்தின்மேல் இன்னொரு வண்ணமாகப் பூசிப் பூசி, ஆறப் போட்டு, மீண்டும் பூசுவார். திதரோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இவருடைய படங்களைப் பற்றி எழுதுகையில், அருகே சென்றால் எல்லாம் குழம்பி மறைந்துவிடுகின்றன என்றும், விலகி நின்றால் மீண்டும் உருவாகித் தோன்றுகின்றன என்றும் வியந்தார். அத்தகைய படத்தை ஓடுகின்ற பார்வை பிடிக்க முடியாது. பார்ப்பவனும் நிற்க வேண்டும். பிள்ளையின் சொல்லுக்காகத் தாய் காத்திருக்கிறாள். வண்ணம் ஆறுவதற்காக ஓவியர் காத்திருந்தார். படம் துலங்குவதற்காக நாம் காத்திருக்க வேண்டும். இதற்காகவே அச்சுப் பிரதியை விரைந்து கைமாற்ற வேண்டாம் என்று தொடக்கத்திலே கேட்டுக்கொண்டேன்.

அவருடைய மகனைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் அது பெரியோரைப் புகழ்ந்து பேசி உண்மையை மறைத்ததாகும். அம் மகனும் ஓவியனானான். தந்தை ஏற முடியாத முதற் படியிலே, சரித்திர ஓவியனாக, அவன் ஏற வேண்டும் என்று பயிற்றப்பட்டான். 1754ஆம் ஆண்டு அரச கழகத்தின் முதற் பரிசையும் வென்றான். பின்னர் இத்தாலிக்குப் போனான். ஆனால் எதிர்பார்த்த ஓவியனாக அவன் மலரவில்லை. 1762ஆம் ஆண்டு கடற் கொள்ளையரிடம் அகப்பட்டான். இறுதியில் வெனிஸ் நகரிலே, தந்தை உயிரோடிருக்கையிலேயே மாண்டான்.

1765ஆம் ஆண்டு ஓவியக் காட்சியைப் பற்றித் திதரோ எழுதிய குறிப்பிலே, ஷார்தேன் விமர்சகர்களிடம் பேசிய பேச்சொன்றைப் பதிந்து வைத்திருக்கிறார். அதன் சாரம் இது: படங்களை இகழ்ந்து பேசுமுன் சற்று இரக்கம் காட்டுங்கள். இங்கே உள்ளவற்றில் மிக மோசமான படத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த அளவுக்குத்தானும் வரைய முடியாமல் மனமுடைந்து தூரிகையை எறிந்தவர் ஆயிரக்கணக்கானோர். ஏழெட்டு வயதிலே பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுக்கிறோம். இருபது வயது வரை பாடுபடுகிறான். பின்னர் தன்னால் இயலாது என்று அறிகிறான். வேறு தொழிலும் அறியான். அவன் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படிப் பேசியவர், தம் மகனை அத்தகைய பாதையில் அனுப்பி வைத்த ஒரு தந்தை. அதை மனத்திற் கொண்டு அப் பேச்சை வாசித்தால் கண் கலங்குகிறது. பிறருடைய படங்களைக் காட்சிச் சுவரில் தொங்கவிடும் பொறுப்பைப் பல ஆண்டுகள் ஏற்று, எந்தப் படத்துக்கு எந்த இடம் என்று அமைத்தவரும் அவரே. முதுமையிலே கண் நோய் வருத்தியது. எண்ணெய் வண்ணங்கள் ஒத்துக் கொள்ளவில்லை. அவர் கையை மடக்கிக் கொண்டிருக்கவில்லை. எழுபது வயதுக்குமேல் வண்ணக் கட்டிகளை எடுத்துக் காகிதத்தில் வரையத் தொடங்கினார். மூக்குக் கண்ணாடியோடு தம்மைத் தாமே வரைந்துகொண்ட படங்கள் இன்றும் லூவரில் இருக்கின்றன. 1779ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் காலமானார்.

பெரியோர்களே! உங்களிடம் யான் வேண்டுவது ஒன்று. யானும் உங்களில் ஒருவனாகையால் இது என்னையும் நோக்கிச் சொல்வது. நமது வாலிபர்கள் வாய் திறக்குமுன் அவர்களுடைய வாக்கியத்தை நாமே முடித்துவிடுகிறோம். சங்கத்துக்கு அவர்களைச் செயலாளராகத் தெரிவு செய்கிறோம். அறிக்கையை நாமே எழுதி வாசிக்கச் சொல்கிறோம். தடுக்கினால் சிரிக்கிறோம்; அல்லது எடுத்துக் கொடுக்கிறோம். சிரிப்பது கொடுமை என்று நமக்குத் தெரியும். எடுத்துக் கொடுப்பதும் சில வேளை கொடுமையே என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் என் தாயார் சொல்லும்வரை தெரியவில்லை. வாயை மூடியிருத்தல் மட்டும் போதாது. அக்கறையில்லாதவனும் வாயை மூடித்தான் இருக்கிறான். கண்ணைப் பிள்ளையின்மீது வைத்துக்கொண்டு, கை வேலையை நிறுத்தி, பால் ஆறினாலும் ஆறட்டும் என்று இருத்தலே காத்திருத்தல்.

வாலிப நண்பர்களே! உங்களிடமும் ஒன்று வேண்டுகிறேன். சித்திரத்தில் உள்ள தமக்கையைப் பாருங்கள். அவள் கற்றுவிட்டவள். அந்தப் பிரார்த்தனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் பசி இருக்கும். கோப்பை எதிரே இருக்கிறது. ஆயினும் தம்பி முடிக்கும்வரை அவளும் உண்ணாமல் இருக்கிறாள். சிரித்தாளோ சிரிக்கவில்லையோ, காத்திருந்தாள். உங்களில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குத் தமக்கை அல்லது தமையன் ஆவீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவன் உங்களைவிட மெதுவாக வருவான். இச் சங்கத்திலே புதிதாகச் சேரும் பையன் முதன்முறை எழுந்து பேசும்போது கால் நடுங்குவான். அவன் சொல்லைத் தேடும் அந்த நேரத்திலே உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். அப்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

அச்சுப் பிரதி கடைசி வரிசையை அடைந்துவிட்டது என்று காண்கிறேன். அங்கே ஒரு சிறு பையன் அதனை இன்னும் பார்த்துக் கொண்டிருக்கிறான். அவன் அருகில் இருக்கும் அன்பர் கையை நீட்டுகிறார். ஐயா, தயவுசெய்து அவனிடமிருந்து வாங்காதீர்கள். அவன் பார்த்து முடிக்கட்டும்.